காய்தலும் இறுகுதலும்: சிமெண்டின் நீரேற்ற வினையில் கனிமச் சேர்க்கைகளும் அவற்றைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களும்

சிமெண்டுக் கலவை கல்லாக மாறுவதைத் தமிழில் பெரும்பாலோர் 'காய்ந்துவிட்டது' என்றே கூறுவர். பேச்சில் மட்டுமன்றி எழுத்திலும் இவ்வினைச்சொல் தயக்கமின்றி இடம்பெறுகிறது. ஈரச் சேறு கட்டியாவதையும் சிமெண்டு கட்டியாவதையும் ஒரே நிகழ்வாகக் காணும் பார்வை இச்சொல்லுள் அடங்கியுள்ளது. உண்மையில் இவ்விரண்டும் நேர்மாறானவை. சேறு நீரை இழந்து இறுகுகிறது. சிமெண்டு நீரை ஏற்று இறுகுகிறது. சேற்றுக் கட்டியை மீண்டும் நீரிலிட்டால் கரைந்துவிடும். சிமெண்டுக் கட்டியை நீரிலிட்டால் மேலும் வலுப்பெறும். நீருக்கடியிலேயே இறுகவல்லது என்பதுதான் சிமெண்டைப் பிற சாந்துகளினின்று பிரித்துக் காட்டும் பண்பு. அப்பண்பையே மறுக்கும் வினைச்சொல்லைக் கொண்டு அதனை விளக்க முற்படுவது மொழிபெயர்ப்பில் எவ்வளவு பெரிய இடர்ப்பாடு என்பது விரிவாக ஆராயத்தக்கது. இன்று சந்தையில் கிடைக்கும் சிமெண்டில் பெரும்பகுதி சாம்பல், கசடு போன்ற சேர்க்கைகள் கொண்டதாகிவிட்ட நிலையில் இவ்விடர்ப்பாடு முன்னினும் மிகுந்துள்ளது. அச்சேர்க்கைகள் நீரைக் கொண்டு செய்யும் வினை மெதுவானது. 'காய்ந்துவிட்டது' என்று கருதப்படும் நாளில் அவ்வினை பெரிதும் தொடங்கியிருப்பதே இல்லை.

இச்சொற்களை ஆராய்வதற்கு எல்லைப்புற ஊர்கள் நல்ல களமாக அமைகின்றன. திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாறு நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள அம்பூரி அத்தகையது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழிப் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பாறசாலை முதல் அம்பூரி வரை எல்லையை ஒட்டிய ஊர்களில் பள்ளி மொழியும் ஆட்சி மொழியும் மலையாளமாக, வீட்டுமொழி தமிழாக வழங்கும் குடும்பங்கள் பல உள்ளன. கட்டுமானத் தொழிலின் சொற்கள் இருமொழியிலும் புழங்குவதால், ஒரு மொழியின் வினைச்சொல் எதை மறைக்கிறது என்பதை மற்றொன்று காட்டிக்கொடுக்கிறது.

எடுத்துக்காட்டாக, கான்கிரீட் இறுகியதை மலையாளத்தில் 'உறச்சு' என்பர். உறுதிப்பட்டது, நிலைபெற்றது என்பது பொருள். காய்தலுக்கு அம்மொழியில் 'உணங்ஙுக' என்ற வேறு சொல் உண்டு. குமரி மாவட்டத் தமிழிலும் 'உணங்குதல்' உயிரோடு உள்ளது; துணியும் நெல்லும் மீனும் உணங்கும். உறுதிப்படுதலும் உலர்தலும் இங்கு வெவ்வேறு வினைச்சொற்களால் குறிக்கப்படுகின்றன. பொதுத்தமிழோ 'காய்' என்னும் ஒரே சொல்லை இரண்டிற்கும் நீட்டிவிட்டது. ஆனால் பொதுத்தமிழ் பேசுவோரும் உண்மையை அறியாதவரல்லர். மழைக்காலத்தில் பிரிக்காத சிமெண்டு மூட்டை 'கட்டி தட்டிப் போவதை' யாவரும் கண்டுள்ளனர். இருபருவ மழையும் பெறும் மலையடிவாரத்தில் இது அன்றாடச் செய்தி. ஈரக்காற்றுப் பட்டுக் கல்லாவது காய்ந்து கல்லானதாக இருக்க முடியாதன்றோ? அறிவு இருக்கிறது, வினைச்சொல்தான் அதற்கு இணங்கவில்லை.

நீர் சேர்ந்தவுடன் நிகழ்வது என்ன என்பதைச் சுருக்கமாகக் காண்பது பொருந்தும். சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சுடப்படும்போது கிளிங்கர் என்னும் உருண்டைகள் உண்டாகின்றன. ட்ரைகால்சியம் சிலிகேட்டு, டைகால்சியம் சிலிகேட்டு, ட்ரைகால்சியம் அலுமினேட்டு, இரும்பு கலந்த அலுமினேட்டு என நான்கு முதன்மைச் சேர்மங்கள் அவற்றில் உள. முதல் சேர்மம் நீருடன் வினைப்பட்டு இரு விளைபொருள்களைத் தருகிறது. ஒன்று கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டு. துகள்களைப் பிணைத்து வலுவைத் தருவது இதுவே. மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு. முற்றும் நீரேற்றம் பெற்ற சிமெண்டின் திண்மப் பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்குவரை இச்சுண்ணாம்பே. வலுவுக்கு இதன் பங்கு சிறிது. நீரில் மெல்லக் கரைவதும், சல்பேட்டு உப்புகளோடு வினைப்படுவதும் இதன் குறைகள். சிமெண்டின் எடையில் ஏறத்தாழ 23 விழுக்காட்டு நீர் இவ்வினைகளில் வேதிமுறையில் கட்டுண்டுவிடுகிறது. அந்நீர் வெயிலில் ஆவியாகிப் போனதன்று. கல்லின் உறுப்பாகவே ஆகிவிட்டது.

இவ்வினைக்குத் தமிழில் நிலைபெற்றுள்ள சொல் 'நீரேற்றம்'. சொல்லமைப்பில் குறையில்லை. எனினும் 'நீரேற்று நிலையம்', 'நீரேற்றுப் பாசனம்' என நீரை மேலே இறைத்தலுக்கும் இச்சொல் வழங்குகிறது. அணைக்கட்டுப் பற்றிய ஒரே கட்டுரையில் இரு பொருளும் வர இடமுண்டு. 'நீரேற்ற வினை' என்று வினை என்னும் சொல்லையும் சேர்த்து எழுதினால் மயக்கம் நீங்கும்.

சுண்ணாம்புத் தொழிலின் பழஞ்சொல்லாகிய 'நீற்றுதல்' இங்கு உதவுமா என்ற வினா எழுவது இயல்பு. மலையாளத்திலும் 'நீற்றுக' உண்டு. சிப்பியைச் சுட்டுப் பெறும் சுண்ணாம்பு 'நீற்றுகக்க' எனப்படும். இச்சொல்லின் பொருட்பரப்பு வியப்புக்குரியது. கல்லையோ சிப்பியையோ சுடுவதும் நீற்றுதல். சுட்டதன்மேல் நீர் தெளித்துப் பொடியாக்குவதும் நீற்றுதல். முன்னது கரிவளியை வெளியேற்றும் வினை, பின்னது நீரைச் சேர்க்கும் வினை. வேதியியலார் இரண்டு என்பதை மொழி ஒன்றெனக் கொண்டதற்குக் காரணம் விளைவின்மேல் வைத்த நோக்கு: இரண்டின் முடிவும் நீறு, அதாவது வெண்பொடி. சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் 'நீறு' பொதுவாக வழங்குவதும் இதனாலேயே. ஆகவே, சிமெண்டின் நீரேற்றமும் சுண்ணாம்பின் நீற்றலும் நீர்சேர் வினைகளே என்றாலும், சிமெண்டுக்கு 'நீற்றுதல்' பொருந்தாது. அங்கே கல் பொடியாகிறது. இங்கே பொடி கல்லாகிறது.

'கும்மாயம்' என்னும் சொல்லும் இங்கு நினைக்கத்தக்கது. மலையாளத்தில் இது சுண்ணாம்பைக் குறிக்கும். மணிமேகலையில் வரும் கும்மாயமோ குழைய வேகவைத்த பயறு. குழைவு என்னும் பண்பே உணவிலிருந்து சாந்துக்கு இச்சொல்லைக் கொண்டுசென்றிருக்கக் கூடும்.

அடுத்து, இறுகும் நிலைகளைக் குறிக்கும் சொற்கள். கலவை குழைவை இழக்கும் நிலை வேறு, அதன்பின் வலுப்பெறும் நிலை வேறு. இந்தியத் தர விதிகள் சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டின் தொடக்க இறுக்கம் 30 நிமிடத்திற்குக் குறையாமலும் இறுதி இறுக்கம் 600 நிமிடத்திற்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. வலுவோ 3, 7, 28 நாள்களில் அளக்கப்படுகிறது. ஆக முன்னது மணிக்கணக்கு, பின்னது நாள்கணக்கு. முன்னதற்கு 'இறுகுதல்', பின்னதற்கு 'வலுவேறுதல்' எனக் கொள்வது தெளிவு தரும். 'கெட்டிப்படுதல்' இரண்டிற்கும் பொதுவாக நிற்பதால் கலைச்சொல்லாகப் பயன்படாது. 'உறைதல்' பாலுக்கும் குருதிக்கும் பனிக்கும் உரியது. குளிர்ச்சியின் சாயல் அதில் உண்டு. சிமெண்டின் நீரேற்றமோ வெப்பத்தை வெளியிடும் வினை. இறுகாத நிலைக்குப் பணியாளர் வழங்கும் 'பச்சை' மிக அருமையான சொல். சுடாத செங்கல் பச்சைச் செங்கல் ஆவதுபோல இறுகாத பூச்சும் பச்சையாகவே இருக்கும். ஆங்கிலத்தில் ஒரே அடைமொழி, இறுகாத கான்கிரீட்டையும் சூழலுக்கு ஊறு குறைந்த கான்கிரீட்டையும் சுட்டி மயங்க வைக்கிறது. தமிழ் 'பச்சை', 'பசுமை' என இரண்டாகப் பிரித்து அம்மயக்கத்தைத் தீர்த்துக்கொள்ளவல்லது.

இனிச் சேர்க்கைகள். 'கனிமச் சேர்க்கை' என்ற தொடரே சிறிது விழிப்போடு ஆளத்தக்கது. 'கனிமம்' நிலத்தில் இயற்கையாய்க் கிடைக்கும் பொருளையும் குறிக்கும். 'கனிம வேதியியல்' என்னும்போது கரிமம் அல்லாததையும் குறிக்கும். சாம்பலும் உலைக்கசடும் நிலத்தில் தோண்டி எடுத்தவை அல்ல. எனவே இத்தொடரில் 'கனிம' என்பது இரண்டாம் பொருளிலேயே நிற்கிறது. கடுக்காய்ச் சாறு, கருப்பட்டி முதலிய பழைய கரிமச் சேர்க்கைகளிலிருந்து வேறுபடுத்தவும் இது தேவை. கருப்பட்டியைப் பற்றி ஒன்று கூறவேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் அது சுண்ணாம்பின் கரைதிறனைக் கூட்டிக் குழைவைத் தருகிறது. சிமெண்டிலோ மிகச் சிறிதளவு சர்க்கரைகூட இறுகுதலைப் பெரிதும் தாமதப்படுத்திவிடும். பழைய கைமுறையைப் புதிய பொருளுக்கு 'மொழிபெயர்க்க' முயல்வோருக்கு இது நல்ல எச்சரிக்கை. 'சேர்க்கை' என்பதற்கு மாற்றாகச் 'சேர்மம்' என எழுதுவது தவறாகும். அது வேதியியலில் வேறு பொருளுக்கு உரிமையாகிவிட்டது.

மிகப் பழைய சேர்க்கை சிப்சம். கிளிங்கரை அரைக்கும்போதே அது சேர்க்கப்படுகிறது. அதில்லையேல் ட்ரைகால்சியம் அலுமினேட்டு நீரைக் கண்டவுடன் வினைப்பட்டுக் கலவை நொடியில் விறைத்துவிடும். சிப்சத்தின் சல்பேட்டு அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட்டு என்னும் ஊசிப் படிகங்களை உண்டாக்கி, அவ்வேகத்தைத் தணிக்கிறது. சிமெண்டு எனப்படும் பொருள் எப்போதுமே சேர்க்கை கொண்டதுதான் என்பதை இது காட்டுகிறது.

கனிமச் சேர்க்கைகளுள் தமிழர்க்கு மிகவும் அறிமுகமானது சுர்க்கி. 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த கலவையால் ஆனது. அணையைப் பற்றிய வழக்குகளும் செய்திகளும் இச்சொல்லைத் தமிழ், மலையாளம் இரண்டிலும் நாளேட்டுச் சொல்லாக்கிவிட்டன. சுர்க்கி என்பது செங்கற்பொடி. சிவப்பைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது. இதே வினையைச் செய்யும் எரிமலைச் சாம்பலுக்கு ஐரோப்பிய மொழிகளில் பொசோலானா என்று பெயர்; நேப்பிள்சை அடுத்த பொசுவோலி என்னும் ஊரால் வந்தது. கி.மு. முதல் நூற்றாண்டினரான விட்ருவியசு அப்பகுதிப் பொடி சுண்ணாம்போடு சேர்ந்து நீருக்கடியிலும் இறுகும் என எழுதியுள்ளார். போர்ட்லண்டு சிமெண்டின் பெயரும் இத்தகையதே: 1824-இல் உரிமம் பெற்ற ஜோசப் ஆஸ்ப்டின், தம் பொருள் போர்ட்லண்டுத் தீவின் கல்லை ஒத்திருந்ததால் அப்பெயரிட்டார். ஒன்று நிறத்தால் வந்த பெயர், ஒன்று ஊரால், ஒன்று தோற்றத்தால். எதிலும் வினை இல்லை.

அவ்வினை யாது? செங்கற்பொடியிலும் எரிமலைச் சாம்பலிலும் படிக உருவற்ற சிலிக்காவும் அலுமினாவும் உள. அவை தனியே நீரோடு சேர்ந்தால் ஒன்றும் நிகழாது. நீரோடு சுண்ணாம்பும் இருந்தால், சுண்ணாம்பை உண்டு, கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டை உண்டாக்குகின்றன. அணையில் அச்சுண்ணாம்பு வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது. இன்றைய கலப்பில் அதைச் சிமெண்டின் முதல் வினையே தருகிறது. முன்னே குறையெனக் கூறப்பட்ட சுண்ணாம்பு, இங்கே இரண்டாம் வினைக்கு மூலப்பொருளாகிறது. துளைகள் அடைபடுகின்றன, நீரும் உப்பும் ஊடுருவுவது குறைகிறது, வெப்பம் ஒரேயடியாக வெளிப்படாமல் நாள்களில் பரவுகிறது. அணை போன்ற பெருங்கட்டுமானங்களில் வெடிப்பைத் தவிர்க்க இப்பண்பு பெரிதும் வேண்டப்படுகிறது. ஆனால் இரண்டாம் வினை மெதுவானது. நீர் உள்ளவரைதான் நிகழும்.

இன்று சுர்க்கியின் இடத்தை அனல்மின் நிலையச் சாம்பல் பெற்றுள்ளது. புகைபோக்கிக்குச் செல்லும் வழியில் மின்முறையில் பிடிக்கப்படும் மென்சாம்பல் இது. ஐ.எஸ். 1489 விதியின் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பு சிமெண்டில் இதனை 15 முதல் 35 விழுக்காடு வரை ஏற்கிறது. இதனைப் 'பறக்கும் சாம்பல்' என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு; அடுப்பங்கரையில் காற்றுக்குப் பறப்பதும் பறக்கும் சாம்பல்தானே? (இயந்திர மொழிபெயர்ப்பு இதனை 'ஈச் சாம்பல்' ஆக்காதிருந்தால் நன்று.) 'உலர் சாம்பல்' என்னும் வழக்கு, நீரோடு கலந்து குட்டைக்கு அனுப்பப்படும் சாம்பலிலிருந்து இதனைப் பிரிப்பதால் ஓரளவு பயனுடையது. மலையாள வழக்கோடு எல்லையில் மற்றோர் இடர்ப்பாடு உண்டு. அங்கே சாம்பல் 'சாரம்'. தமிழ்க் கட்டுமானப் பணியாளர்க்குச் சாரம் என்றால் கட்டடத்தைச் சுற்றிக் கம்பும் கயிறுங்கொண்டு அமைப்பது. இரண்டும் ஒரே பணியிடத்தில் புழங்கும் பொருள்கள் என்பதால், எல்லையூர்களுக்கான எந்தக் கையேட்டிலும் 'சாம்பல்' என்றே எழுதுவது நன்று. அச்சொல் மலையாளத்திலும் விளங்கும்.

எல்லாச் சாம்பலும் ஒன்றன்று என்பதையும் மொழிபெயர்ப்பாளர் அறிதல் வேண்டும். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் கால்சியம் மிகுதி. ஆதலால் ஓரளவு தானே இறுகும் இயல்பும் அதற்குண்டு. கருநிலக்கரிச் சாம்பல் பொதுவாக அவ்வாறு செய்வதில்லை. உமிச் சாம்பலில் சிலிக்கா மிகுதி; ஆனால் மிகு வெப்பத்தில் எரித்தால் சிலிக்கா படிகமாகி வினைத்திறன் குன்றும். 'சிலிக்காப் புகை' எனப்படுவது புகையன்று, மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள திண்மத் துகள். 'சிலிக்கா நுண்துகள்' என்பதே தகும்.

இரும்பு உலைக் கசடு வேறு வகையினது. உருகிய கசட்டை நீரால் திடீரெனக் குளிர்வித்தால் கண்ணாடித் தன்மையுடைய மணல் கிடைக்கும். சுண்ணாம்பை உண்ணும் பொருளன்று இது. தானே இறுகும் திறன் உள்ளே உறங்குவது. சிமெண்டிலிருந்து வரும் காரம் அதனை எழுப்பிவிடுகிறது. ஐ.எஸ். 455 விதி இதனை 25 முதல் 70 விழுக்காடு வரை சேர்க்க இடமளிக்கிறது. 'கசடு' என்னும் சொல் குற்றம், அழுக்கு என்னும் பொருள்களையும் சுமந்து வருவதால், வாங்குவோர் உள்ளத்தில் ஐயம் எழுகிறது. 'கலப்புச் சிமெண்டு' என்பதும் அவ்வாறே 'கலப்பட'த்தை நினைவூட்டுகிறது. கலப்படம் ஏமாற்று, விதிப்படி அளந்து சேர்ப்பது அன்று. 'சேர்மானச் சிமெண்டு' எனலாம். மருந்திலும் சமையலிலும் வேண்டிய பொருளை வேண்டிய அளவில் கூட்டுவதைக் குறிக்கும் 'சேர்மானம்' எந்தக் குறையையும் சுட்டுவதில்லை.

சுட்ட களிமண் மீண்டும் வந்துள்ளது என்பது இத்துறையின் சுவையான திருப்பம். கிளிங்கர் பாதி, சுட்ட களிமண் முப்பது விழுக்காடு, சுண்ணாம்புக் கல் பதினைந்து, எஞ்சியது சிப்சம் என்னும் அளவில் அமைந்த சிமெண்டைச் சுவிட்சர்லாந்து, இந்தியா, கியூபா நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இதில் பங்குகொண்டது. 2023-இல் ஐ.எஸ். 18189 என்னும் விதி இதற்கென வெளிவந்தது. களிமண் ஏறத்தாழ 700 முதல் 850 பாகையில் சுடப்படுகிறது. கிளிங்கருக்கு வேண்டிய வெப்பத்தில் பாதியளவே. வெறும் நிரப்பியாகக் கருதப்பட்ட சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணின் அலுமினாவோடு வினைப்பட்டுக் கார்போஅலுமினேட்டுகளைத் தருகிறது. இதற்கேற்ற வெண்களிமண் அம்பூரி உள்ள அதே மாவட்டத்தில் தோன்னக்கல் பகுதியில் கிடைக்கிறது. தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. 'சுடுகளிமண்' போதும், அது சுர்க்கியின் தம்பியே.

மேற்கூறியவற்றால் சேர்க்கைகளை மூலத்தால் அன்றி வினையால் வகைப்படுத்திப் பெயரிடுவது மொழிபெயர்ப்பாளர்க்கு எளிதென்பது புலனாகும். சாம்பல், சுர்க்கி, சுடுகளிமண் ஆகியன 'சுண்ணாம்பு கொள்வன'. உலைக்கசடு 'தூண்டினால் இறுகுவது'. சிப்சம் 'இறுகுதலைத் தணிப்பது'. நுண்ணிய சுண்ணாம்புக் கல் இடத்தை நிரப்பி, ஹைட்ரேட்டு படிவதற்குப் பரப்பையும் தருவது. ஒரே பொருள் இரு வகையில் வருவதும் உண்டு; நெய்வேலிச் சாம்பல் அத்தகையது.

எஞ்சி நிற்பது, இறுகிய பின் கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் பணியின் பெயர். இதற்குப் 'பதப்படுத்துதல்' என்று நூல்களில் காணப்படுகிறது. மீனையும் தோலையும் பதப்படுத்துவது நீரை நீக்குவதாகும். கான்கிரீட்டுக்கு வேண்டியதோ நீரை நீங்கவிடாமை. ஆங்கிலச் சொல் இரண்டிற்கும் ஒன்றே என்பதால் நேர்ந்த பிழை இது. 'ஆற்றுதல்' என்பதும் பொருந்தாது. கூந்தலை ஆற்றுவது ஈரம் போக்கவே. பணியாளர் சொல்லோ தெளிவானது: நனைத்தல். தளத்தின்மேல் வயலில் போலப் பாத்தி கட்டி நீர் நிறுத்துவது 'தண்ணீர் கட்டுதல்'. மலையாளத்திலும் இப்பணி 'நனய்க்குக'தான்; எல்லையின் இருபுறமும் ஒரே சொல் விளங்கும்.

ஐ.எஸ். 456 விதியின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரணப் போர்ட்லண்டு சிமெண்டுக்கு ஏழு நாளும், கனிமச் சேர்க்கை கொண்டவற்றுக்குப் பத்து நாளும் குறைந்த அளவாகக் கூறி, வெப்பமும் வறட்சியும் மிகுந்த சூழலில் இவற்றை முறையே பத்து, பதினான்கு நாளாக உயர்த்துகிறது. சேர்க்கை கொண்ட சிமெண்டுக்குக் கூடுதல் நாள் வேண்டப்படுவது இரண்டாம் வினையின் மெதுவான போக்கினாலேயே. இவ்விதியைத் தமிழாக்குவோர், 'கலப்புச் சிமெண்டைப் பத்து நாள் பதப்படுத்தி உலரவிடுக' என்று எழுதினால், படிப்பவர் மூன்றாம் நாளே கை வைத்துப் பார்த்து, 'காய்ந்துவிட்டது' என்று நனைப்பதை நிறுத்திவிடுவார்; சாம்பல் வினைப்படாமல் வெறும் தூசாகக் கான்கிரீட்டுள் கிடக்கும். அதனையே, 'சேர்மானச் சிமெண்டு இறுகிய பின்னும் உள்ளே வினை நடந்துகொண்டிருக்கும். பத்து நாளுக்குக் குறையாமல் நனைத்து வருக. மேற்பரப்பு ஒரு வேளையும் உணங்கலாகாது' என்று எழுதினால், எல்லையின் எப்புறத்துப் பணியாளர்க்கும் ஐயம் எழாது.